மாலை போட்ட படத்துக்குக் கீழே மதியச் சாப்பாடு

மச்சான்,

இன்று காலை பதினொரு மணியளவில் மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் தமிழ்க் கடைக்கு முன்னால் காரை நிறுத்த இடமில்லாமல் இரண்டு தெரு தள்ளிப் போய் நிறுத்தினேன். கதவைத் திறந்ததும் அந்த மணம் வந்தது. தக்காளிச் சோஸும் வெங்காயமும், அதற்குள்ளே தரை கழுவும் மருந்தும். நிமிர்ந்து பார்த்தால் எதிரே நீ வேலை செய்த பள்ளிக்கூடச் சமையலறையின் பின்கதவு. யாரோ ஒரு வாளியை முட்டுக்கொடுத்து அதைத் திறந்து விட்டிருந்தார்கள். உள்ளே கோப்பைகள் அடிபடும் சத்தம் கேட்டது. இறங்கியவன் திரும்பக் காருக்குள் ஏறி இருந்துவிட்டேன். மரக்கறி வாங்கவில்லை, கறிவேப்பிலை வாங்கவில்லை. வீட்டில் கேட்டபோது கடை பூட்டு என்று ஒரு பொய்யைச் சொன்னேன்.

எத்தனை வருடம் அந்த மணத்தை என் காருக்குள் கொண்டுவந்து ஏற்றியிருப்பாய். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் உன்னை அந்தக் கதவடியில் ஏற்றிக்கொண்டுதான் கோயிலுக்குப் போவேன். மாசி மாதக் குளிரிலும் நான் கண்ணாடியை இறக்குவேன்.

"டேய், உன்னை ஏத்தினா என்ரை கார் ஸ்பகெட்டிக் கடை மாதிரி மணக்குது. நாளைக்கு வீடு பாக்க வாற சனத்தை நான் இதிலைதான் கூட்டிக்கொண்டு போகவேணும்."

"மணந்தா மூக்கைப் பொத்து," என்பாய். "இண்டைக்கு ஒரு பிள்ளையும் கோப்பையிலை மிச்சம் வைக்கேல்லை. அது தெரியுமோ உனக்கு?"

உன் வேலையைப் பற்றி நீ பெருமையாகச் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான். அந்தப் பள்ளிக்கூடத்தில் சில பெற்றோர் சாப்பாட்டுக்கு முழுக் காசு கட்டுவார்கள், சிலர் பாதி, சிலர் ஒன்றுமே இல்லை. ஆனால் கோப்பை ஒன்றுதான், வரிசை ஒன்றுதான். "எந்தப் பிள்ளை கட்டினது, எந்தப் பிள்ளை கட்டேல்லை எண்டு பரிமாறுற எனக்கே தெரியாது மச்சான். தெரியக்கூடாதாம். அதுதான் இஞ்சத்தைச் சட்டம்." வெள்ளைக்காரன் போடுகிற சட்டமெல்லாம் உனக்குச் சுவிசேஷம் என்று நான் நக்கல் அடித்தேன். அப்போதுதான் நீ அந்தப் பணிஸ் கதையை எடுத்தாய்.

நாங்கள் இரண்டு பேரும் மன்னாரில் படித்த அந்தக் காலத்தில், இடைவேளைக்குச் சாக்கில் கட்டிப் பேக்கரிப் பணிஸ் வரும். ஆளுக்கொன்று. காய்ந்துபோயும் இருக்கும், சில நாள் எறும்பும் இருக்கும். காலையில் வெறும் தேத்தண்ணியோடு வந்த நீயும், வீட்டில் புட்டுத் தின்றுவிட்டு வந்த நானும் ஒரே வாங்கில் இருந்து அதைத் தின்றோம்.

"அந்தப் பணிஸைத் தந்தவன் ஆரெண்டு உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டாய்.

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. தெரியாததாலைதான் அது இண்டைக்கும் எனக்கு இனிக்குது."

அன்றைக்கு நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சமிக்ஞை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

சண்டை நின்று பாதை திறந்த பிறகு மன்னார்ப் பெருநிலப்பரப்பிலிருந்து ஒரு பள்ளிக்கூட அதிபரின் கடிதம் நம் பங்குக் கோயிலுக்கு வந்தது. இடம்பெயர்ந்து திரும்பிய சனம். கூலிக்கு வயல் வேலை, விறகு வெட்டு. காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள், ஒரு வேளைச் சோறு கொடுக்க முடியுமானால் பள்ளிக்கூடத்துக்கு வருகிற பிள்ளைகள் கூடுவார்கள் என்று எழுதியிருந்தார். பங்குச் சுவாமி அதைப் பூசையில் வாசித்தார். பூசை முடிய நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "உனக்கு வாய் இருக்கு, எனக்குச் சமையல் தெரியும். செய்வமே?" என்றாய். தொடங்கியது நீ. அதை நான் இதுவரை ஒரு மேடையிலும் சொன்னதில்லை.

உன் யோசனை மிகவும் சாதாரணமானது. ஒவ்வொரு குடும்பமும் மாதாமாதம் தன்னால் இயன்ற சிறு தொகையைப் போடுவது. அதை மொத்தமாக அனுப்பினால் அங்கே தினமும் ஒரு பானை சோறு, ஒரு பருப்பு, ஒரு கீரை. பள்ளிக்கூடம் நடக்கிற எல்லா நாளும். பேர் இல்லை, படம் இல்லை. கோயிலின் கீழ்மண்டபத்தில் முதல் கூட்டம் வைத்தோம். கதிரைகள் நிறையப் போட்டோம், சனம் கொஞ்சம்தான் வந்தது. வந்தவர்களும் "பாப்பம், பேந்து சொல்லுறம்" என்று எழும்பிப் போய்விட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து நான் யோசித்தேன். வீடு விற்கிறவனுடைய மூளை அல்லவா, சனத்துக்கு என்ன வேண்டும் என்று அதற்குத் தெரியும். நம் சனம் யாருக்குக் கொடுக்கப் பின்னிற்காது? செத்தவர்களுக்கு. முப்பத்தோராம் நாள், ஆட்டத்திவசம், பத்தாம் ஆண்டு நினைவு. கிறிஸ்தவர்களென்றால் பூசை ஒப்புக்கொடுப்பார்கள், சைவர்களென்றால் ஐயரைக் கூப்பிடுவார்கள். ஆனால் செத்தவரின் பேரில் நாலு வயிற்றுக்குச் சோறு போடுவது எல்லாருக்கும் பொது. நான் ஒரு பெரிய மட்டையில் வருடம் முழுவதையும் கட்டம் போட்டேன். ஒரு கட்டம், ஒரு நாள். உங்கள் அம்மாவின் பேரில், அப்பாவின் பேரில் ஒரு நாள் சாப்பாடு. அடுத்த ஞாயிறு அதை மண்டபச் சுவரில் ஒட்டினேன். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயில்காரரும் கேள்விப்பட்டு வந்து பேர் எழுதினார்கள். ஒரே பின்னேரத்தில் கட்டங்களில் பாதிக்கு மேல் நிறைந்தது.

நீ அந்த மட்டைக்கு முன்னால் வெகு நேரம் நின்றாய். பிறகு, "சரி மச்சான், பிள்ளையளுக்குச் சோறு போய்ச் சேர்ந்தாச் சரி," என்றாய். உன் முகத்தில் சந்தோஷம் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. பொறாமை என்று நினைத்தேன். ஓம், உன்னைப் பற்றி நான் அப்படி நினைத்தேன்.

பேர் எழுதியவர்கள் சும்மா இருப்பார்களா? "எங்கடை நாள் நடந்ததெண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்கள். அங்கே ஒரு சின்னக் கமெரா அனுப்பினோம். மன்னார் பட்டினத்துப் படக்கடைக்காரர் ஒருவரை நான் தொலைபேசியில் பிடித்தேன். இங்கிருந்து செத்தவரின் படத்தை மின்னஞ்சலில் அனுப்பினால் அவர் பெருப்பித்துச் சட்டம் போட்டு, மாலையும் வாங்கி, அன்றன்று பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார். பிள்ளைகள் கோப்பையோடு வரிசையில் இருக்க வேண்டும். பின்சுவரில் படம், படத்துக்கு மாலை. படம் எடுத்த பிறகுதான் சாப்பாட்டில் கை வைக்கலாம். இந்த ஒழுங்கையெல்லாம் அதிபருக்கு எழுதியனுப்பியவன் நான்தான், மச்சான். இலக்கம் போட்டு எழுதினேன்.

படங்கள் வரவர மண்டபச் சுவரில் ஒட்டினோம். சனம் அதற்கு முன்னால் நின்று அழுதது. "என்ரை அப்பாவைப் பாருங்கோ, எத்தினை பிள்ளையள் அவருக்கு முன்னாலை" என்று சொல்லிச் சொல்லி அழுதது. என்னை வீதியில் மறித்துக் கையைப் பிடித்தார்கள். தமிழ்ப் பத்திரிகையில் வீடு விற்பனை விளம்பரத்துக்குப் போட்ட என் முகம் இப்போது சேவையாளரின் முகமும் ஆகிவிட்டது. படங்கள் வந்த அந்த இரண்டு வருடமும் எனக்கு வீடுகள் நன்றாக விற்றன. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று உனக்கு ஒருமுறை சத்தியம் பண்ணினேன். நீ சிரித்தாய்.

ஆனால் நம் மனிதர்கள் பள்ளிக்கூட நேரசூசி பார்த்துச் சாகவில்லை. அதுதான் பிரச்சினை. மார்கழியில் நெருக்கியடித்துக்கொண்டு நினைவு நாட்கள், அங்கே அப்போது விடுமுறை. ஐப்பசியில் ஒன்றரைக் கிழமை தொடர்ந்து ஒருவரும் இல்லை. சிலருக்குச் சனிக்கிழமைதான் வேண்டும், ஏனென்றால் இங்கே அன்றைக்குத்தான் வீட்டில் படையல். அதனால் அங்கே பிள்ளைகள் சனிக்கிழமையும் சீருடை போட்டுக்கொண்டு, நாலு கட்டை தூரம் நடந்து, பாடம் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். நாள் எடுத்தவர்கள் வெறும் பருப்பும் சோறும் போட விடவில்லை. வடை, பாயாசம், கோழிக்கறி. ஒரு நாள் கல்யாண வீடு, அடுத்த நாள் அடுப்பில் பூனை.

கட்டம் வெறுமையாகக் கிடக்கிற நாளில் என்ன செய்வது என்று அதிபர் கேட்டார். ஒரு முறை, ஒரு வீட்டுக்காரரின் பாயாசத்தைக் குறைத்து இரண்டு நாள் சோறாக்கிவிட்டார் அந்த மனிதர். படத்தில் பாயாசத்தைக் காணவில்லை என்று இங்கே முறைப்பாடு வந்தது. நான் தொலைபேசியில் அவரைப் பிடித்து ஏசினேன். ஒரு நாளுக்குத் தந்தது அந்த நாளுக்குத்தான், உங்களுடைய விருப்பத்துக்கு மாத்தேலாது என்றேன். பிள்ளைகளுக்குச் சோறு கேட்ட ஒரு அதிபர், மொன்றியலில் வீடு விற்கிற என்னிடம், "மன்னிக்கவேணும், இனிமேல் அப்பிடி நடக்காது" என்றார். அதையும் நீ அப்போது அறிந்திருக்கவில்லை.

பிறகு ஒரு கோடையில், இங்கே பள்ளிக்கூடம் பூட்டியதும், நீ ஊருக்குப் போனாய். தேவாலயம் தேவாலயமாகச் சுற்றப் போகிறாய் என்று நினைத்தேன். நீ நேரே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய், சமைக்கிற தாய்மாரோடு தகரக் கொட்டிலுக்குள் நின்றுவிட்டாய். உன் வெங்காயம் வெட்டும் வேகத்தைப் பார்க்கப் பிள்ளைகள் கூட்டமாக வந்து நிற்பார்களாம். உனக்குக் கண்ணீர் ஓடும், அவர்கள் கைதட்டுவார்களாம். வெங்காய மாமா என்று பேர் வைத்துவிட்டார்கள். இதை நீ எனக்குச் சொல்லவில்லை. உன் வீட்டில்தான் சொன்னார்கள்.

டோர்வால் விமான நிலையத்திலிருந்து நான்தான் உன்னை ஏற்றி வந்தேன். மெலிந்து, கறுத்து வந்திருந்தாய். நான் புதிய ஆண்டுக்கான மட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன். நீ வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"காலமை வந்த உடனை பிள்ளையள் என்ன பாக்கிறவை தெரியுமோ?" என்று நடுவில் கேட்டாய். "கொட்டிலிலை புகை வருதோ எண்டு. புகை இல்லாட்டி கொஞ்சப் பேர் அப்பிடியே திரும்பிப் போயிடுவினம்."

"அதுக்குத்தானே இன்னும் ஆக்களைச் சேக்கிறன்," என்றேன்.

"சோறு போட்டபடி கிடக்கும். படமும் மாலையும் வரச் சுணங்கினா சாப்பாடும் சுணங்கும். சின்னதுகள் சோத்தைப் பாத்துக்கொண்டு இருக்குதுகள். கையைப் பின்னாலை கட்டச் சொல்லியிருக்கு." பிறகு சொன்னாய். "ஒரு நாள் ஒரு சின்னப் பெடிச்சி என்னட்டை வந்து கேட்டுது. மாமா, நாளைக்குக் கனடாவிலை ஆரும் செத்திருக்கினமோ எண்டு. ஆசையா கேட்டுது மச்சான். ஆரும் செத்திருக்கவேணும் எண்ட ஆசையோடை."

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டுச் சிரித்தேன். "குழந்தைப் பிள்ளையள் எண்டா அப்பிடித்தான், விடு," என்றேன். உன் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கும்போதுகூட வழமைபோல "வாறன் மச்சான்" என்று நீ சொல்லவில்லை.

அந்த ஆண்டுக் கூட்டம் உனக்கு நினைவிருக்கும். எனக்கும் மறக்கவில்லை. மண்டபம் நிறைந்த சனம். நான் ஒலிவாங்கியோடு முன்னால். புதிய மட்டை சுவரில். அறிக்கையை வாசித்து முடித்து, யாருக்கும் ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து நீ எழும்பினாய். வேலை உடுப்போடு வந்திருந்தாய். பேர்களையும் படங்களையும் எடுத்துவிடுவோம், தருவதையெல்லாம் ஒரே பானையில் போட்டு ஒவ்வொரு நாளும் எளிய சோறு கொடுப்போம், அந்தப் பிள்ளைகள் நாங்கள் செத்தால்தான் சாப்பாடு என்று நினைக்கிறார்கள் என்றாய். உனக்கு மேடைப் பேச்சு வராது. சொற்கள் தடக்குப்பட்டன. ஆனால் எல்லாருக்கும் விளங்கியது.

முதலில் எழும்பியது பவளமக்கா. தாயாரின் ஆண்டு நினைவுக்கு அவர் அடுத்த மாதம் நாள் எடுத்திருந்தார். "அப்ப என்ரை அம்மான்ரை பேரை அங்கை ஒருத்தரும் சொல்லமாட்டினமோ தம்பி?" என்றார்.

"நீங்கள் சொல்லுங்கோ அக்கா. நானும் சொல்லுறன். பூசையிலை சுவாமி சொல்லுவார். பசியிலை இருக்கிற அந்தப் பிள்ளையள் ஏன் சொல்லவேணும்?"

இரண்டு மூன்று பேர் தலையாட்டத் தொடங்கினார்கள். மச்சான், அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். எல்லாம் சரியாக வந்திருக்கும். ஆனால் என் மட்டை, என் யோசனை, என் முகம். ஒலிவாங்கியைக் கிட்டப் பிடித்தேன்.

"குசினிக்குள்ளை நிண்டு கோப்பை கழுவுறவைக்கு நிர்வாகம் விளங்காது. விளங்காட்டிச் சும்மா இருக்கவேணும்."

சனம் சிரித்தது. முன்வரிசையில் தொடங்கிப் பின்வரிசை வரைக்கும் போனது. நீ கொஞ்சம் நின்றாய். பிறகு இருந்தாய். உன் மகள் உனக்குப் பக்கத்தில் இருந்தாள். அவளுக்குத் தமிழ் முழுக்க விளங்காது என்று நான் பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். அவள் உன் கையைப் பிடித்ததைக் கண்டேன். விளங்காமலா பிடித்தாள்?

கூட்டம் முடிய எல்லாரும் வெளியே போனார்கள். நீ போகவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் செய்வதுபோல அன்றைக்கும் கதிரைகளை மடித்துச் சுவரோடு அடுக்கினாய். எனக்கு உன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. நான் மட்டையில் ஏதோ திருத்துகிற பாவனையில் நின்றேன். கடைசிக் கதிரையை வைத்துவிட்டு என் பக்கம் வந்தாய்.

"நான் செத்தா என்ரை பேரிலை மட்டும் ஒரு நாளும் குடுத்துப்போடாதை," என்றாய். "என்ரை படத்தை அந்தப் பிள்ளையளுக்கு முன்னாலை தூக்கிவையாதை. வேறை ஒண்டும் நான் உன்னட்டைக் கேக்கேல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் ஒரு சாமான் கேட்பது போலச் சொன்னாய். நான் "ஓம் ஓம்" என்றேன். சண்டைக்காரனுக்குச் சொல்கிற ஓம்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் நான் அந்தக் கதவடிக்கு வரவில்லை. வேலை கூட என்று சொன்னேன். நீ மெட்ரோவில் போய் வந்தாய். கோயிலில் கண்டால் தலையாட்டினோம். கூட்டத்தில் சொன்னதற்கு ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நத்தார்ப் பண்டிகையன்று கேட்போம் என்று இருந்தேன், நத்தாருக்குச் சனம் கூட. பிறகு பார்ப்போம் என்று இருந்தேன். தை மாதம் ஒரு காலையில், வேலைக்குப் போகமுதல் படிக்கட்டுப் பனியை வழித்துக்கொண்டு நின்ற நீ, மண்வெட்டியைப் பிடித்தபடியே விழுந்துவிட்டாய் என்று தொலைபேசி வந்தது. நான் ஆசுபத்திரிக்கு வந்தபோது உன் முகத்தை மூடிவிட்டார்கள்.

முப்பத்தோராம் நாள் கிட்டியது. சனம் என்னைக் கேட்கத் தொடங்கியது. "கூட்டாளிக்கு எந்த நாள் எடுத்திருக்கிறியள்?" ஊர்ச் சனத்தின் செத்தவர்களுக்கெல்லாம் நாள் குறித்தவன் தன் சிநேகிதனுக்கு ஒரு நாள் எடுக்கவில்லை என்றால் என்ன கதை கதைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு, அதையும் மறைக்கவில்லை. உனக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எனக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

உன் மனைவியிடம் படம் கேட்டுப் போனேன். "அவர் வேண்டாமெண்டு சொன்னவர் அண்ணை," என்றார். "எனக்கும் சொன்னவர், பிள்ளைக்கும் சொன்னவர்."

"அது கோவத்திலை சொன்னது தங்கச்சி. மனுசன் போன பிறகு கோவத்தைத் தூக்கிப் பிடிக்கிறதே?"

அவர் உள்ளே போய்க் கடவுச்சீட்டுக்கு எடுத்த படம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். என் கையில் தரவில்லை. நான்தான் எடுத்தேன்.

படத்தை மன்னார்ப் படக்கடைக்கு அனுப்பினேன். பட்டியலில் ஒரு வரி சேர்த்து அதிபருக்கு அனுப்பினேன். திகதி, கோயில் பதிவில் உள்ள உன் முழுப் பேர், கோழிக்கறி, வடை, பாயாசம். அவ்வளவுதான். அங்கே ஒன்றரை மாதம் அவரோடு ஒரே கொட்டிலில் நின்றவனின் சாவை அவருக்குத் தனியாக ஒரு வரி எழுதிச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் உன்னை வீட்டுப் பேரால்தான் அறிவார்கள் என்பதும் தோன்றவில்லை. பட்டியல் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. அப்படித்தான் பழகியிருந்தேன்.

எப்போதும் படம் வரும். இந்த முறை கடிதம் வந்தது. ரொக்ஸ்பரோவில் என் வீட்டு வாசலில் நின்றபடியே உடைத்து வாசித்தேன்.

அன்று நல்ல சாப்பாடு என்று பிள்ளைகளுக்குக் காலையிலேயே தெரியுமாம். கோழிக்கறி மணத்தில் வகுப்பில் ஒருவருமே இருக்கவில்லையாம். சோறு போட்டு, கறி விட்டு, தகரப் பேணிகளில் பாயாசமும் ஊற்றியாயிற்று. படக்கடைப் பையில் வந்த படத்தைப் பேப்பர் சுற்றோடு அதிபர் வாங்கி, எல்லாருக்கும் முன்னால்தான் பிரித்திருக்கிறார். முதலில் பிள்ளைகள் ஓவென்று சந்தோஷத்தில் கத்தினார்களாம். "வெங்காய மாமா! வெங்காய மாமா படம் அனுப்பியிருக்கிறார்!" சிலர் எழும்பிக் கைதட்டினார்களாம். அதிபருக்குக் கையும் காலும் ஓடவில்லை. அதற்குள் படக்கடைக்காரர் வழமைபோல ஆணியில் படத்தை மாட்டி மாலையைப் போட்டுவிட்டார்.

மாலை போட்ட படம் என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைகளுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. அதை நான் படிப்பித்து வைத்திருந்தேன்.

அன்று ஒரு பிள்ளையும் சாப்பிடவில்லை, மச்சான். தாய்மார் கெஞ்சிப் பார்த்தார்களாம். சின்னதுகள்கூடக் கோப்பையைத் தொடவில்லையாம். பின்னேரம் அந்தச் சோற்றை மாட்டுக்குப் போட்டார்கள். "படம் எடுக்க மனம் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று அதிபர் எழுதியிருந்தார். அந்த வரியை வாசித்தபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. என்னிடம்தான் அவர் பொறுதி கேட்கிறார்.

அடுத்த ஞாயிறு நான் மட்டையைச் சுவரிலிருந்து எடுத்தேன். இனி நாள் இல்லை, பேர் இல்லை, படம் இல்லை, எல்லாம் ஒரே பானைக்குள் என்று அறிவித்தேன். சிலர் ஏசிவிட்டுப் போனார்கள். பவளமக்கா போகவில்லை, முதல் ஆளாக வந்து தந்தார். இப்போது வருகிறது முந்தியதைவிடக் குறைவுதான். பாயாசம் இல்லை. சில கிழமை கீரையும் இல்லை, பருப்பும் சோறும் மட்டும். ஆனால் பள்ளிக்கூடம் திறக்கிற எல்லா நாளும் கொட்டிலில் புகை வருகிறதாம். இதைத்தான் நீ உயிரோடு நின்று கேட்டாய். உன்னைச் சாகக் கொடுத்த பிறகு, அந்தக் கடிதம் கண்ட ஒரே வாரத்தில் நான் செய்து முடித்தேன்.

இதில் இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. சனம் இப்போது என்னைப் புகழ்கிறது. "நல்ல யோசனை அண்ணை, இப்பதான் உண்மையான தர்மம்" என்று சொல்கிறார்கள். அது உன் யோசனை என்று சொல்ல வாயெடுப்பேன். பேர் வேண்டாம் என்றவனின் பேரை எடுப்பதா என்று நிறுத்துவேன். உனக்குக் காட்டும் மரியாதையில் நிறுத்துகிறேனா, புகழ் இனிக்கிறது என்று நிறுத்துகிறேனா? இரண்டாவதுதான் என்று சில நாள் நன்றாகத் தெரிகிறது.

அதிபரின் கடிதத்தில் கடைசிப் பகுதியை உன் மனைவிக்கும் சொல்லவில்லை, சுவாமிக்கும் சொல்லவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன். எல்லாரும் எழும்பிப் போன பிறகும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பேணியைக் கையில் வைத்தபடி இருந்ததாம். அதிபர் கிட்டப் போக, அது நிமிர்ந்து கேட்டதாம். "வெங்காய மாமா செத்ததுக்கோ சேர் எங்களுக்குப் பாயாசம்?"

"எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை," என்று எழுதியிருக்கிறார் அந்த மனிதர். "நாள் குறித்து அனுப்பியவர் தாங்கள்தானே. பிள்ளை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. என்ன சொல்வது என்று எழுதுங்கள்."

நாலு மாதமாகிறது, மச்சான். பேப்பரை எடுத்து வைத்து அந்தப் பிள்ளைக்கு எத்தனையோ தரம் எழுதத் தொடங்கினேன். இன்னும் ஒரு வரி எழுதவில்லை.